காற்று நின்ற எட்டு நிமிடம்

சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில், ஷோல்பனின் திரையில் மூன்றாம் சுரங்கப்பாதையின் காற்று வேகம் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது.

பூமிக்கு எழுநூறு மீட்டர் கீழே காற்று நின்றால் மீத்தேன் சேரும். சேர்ந்தால் என்ன ஆகும் என்று நிலக்கரி ஊரான கரகண்டாவில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மின்சாரம் தானாகவே நின்றது. நிலக்கரி வெட்டும் இயந்திரங்களும் ஓய்ந்தன.

“எல்லாரும் வெளிவாசல் பக்கம் நடங்க. ஓடாதீங்க” என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

கீழே நூற்று நாற்பத்து மூன்று பேர்.

எட்டாவது நிமிடம் தொலைபேசி அடித்தது. கீழிருந்து ஃபோர்மன் கய்ரொல்லா. அவருக்கு மூச்சு வாங்கியது. அது சிரிப்பு என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“தங்கச்சி, காத்து நல்லாத்தான் அடிக்குது! தண்ணிக் குழியில விழுந்த ஒருத்தரு, தன்னோட கம்பளி உள்கால்சட்டைய காத்துமானி மேல காயப் போட்டிருக்காரு. சுரங்கத்துலயே நல்ல காத்து அங்கதான் வருதாம்!”

யாருடையது என்றும் சொன்னார்.

ஷோல்பன் அப்போதுதான் மூச்சு விட்டாள். பிறகு, பதிவேட்டில் வைத்த பேனா அப்படியே நின்றது.

“யாரு அந்த மகராசன்?” என்றார் பின்னால் வந்து நின்ற தலைமைப் பொறியாளர் அர்கதி. அவர் இந்தச் சுரங்கத்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

“மூணாம் பாதையில வேலை செய்றவர் சார்.”

“பேரு?”

“கொஞ்சம் வயசானவர். மீசை வச்சிருப்பார்.”

“மீசை வச்சவங்க கீழ அறுபது பேரு இருக்காங்க. பேரச் சொல்லும்மா!”

அவள் ஒரு தாளில் எழுதி நீட்டினாள். எழுதுவதில் தப்பில்லை.

“தஸ்தெமிர்” என்று அவர் உரக்கப் படித்தார். ஷோல்பன் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் மைக்கை அவள் பக்கம் தள்ளினார். “கூப்பிடு மேல. சுரங்கம் முழுக்கக் கேக்கட்டும். அப்பத்தான் இன்னொருத்தனுக்குப் புத்தி வரும்.”

அவள் மைக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அவள் வாயில் வராத பெயர்.

தலையில் இல்லாத முக்காட்டை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

“மாமா,” என்றாள், எழுநூறு மீட்டர் ஆழத்தில் எல்லாப் பாதைகளிலும் எதிரொலிக்க, “கால்சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டு மேல வாங்க.”