அலமாரிக்குள் ஒட்டிய காகிதம்

ஏழு வருஷப் பள்ளி விடுதி வாழ்க்கை இன்றோடு முடிகிறது. மெத்தை சுருட்டிய கட்டில்களின் வெறும் கம்பிகளில் மதிய வெயில் விழுந்து கிடக்கிறது. கீழே தோழிகள் கட்டிக்கொண்டு அழும் சத்தம் கேட்கிறது. அவள் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் காகிதத்தை நகத்தால் சுரண்டுகிறாள். 'டாக்டராகி அம்மாவைக் குணப்படுத்துவேன்' என்று ஆறாம் வகுப்பில் அவளே எழுதியது. அம்மா போய் நாலு மாதமாகிறது. அரையாண்டுப் பரீட்சை கெட்டுவிடும் என்று அப்பா பதினோரு நாள் அந்தச் சாவை அவளிடம் சொல்லாமல் மூடி வைத்திருந்தார். இன்று அழைத்துப் போக வந்த அப்பா வாசலில் நின்றபடி, "டாக்டருக்குத்தானேம்மா படிக்கப்போற?" என்கிறார். "யாருக்குப்பா வைத்தியம் பாக்க?" என்று சாதாரணமாகக் கேட்கிறாள். அப்பா குனிந்து டிரங்குப் பெட்டியின் ஒரு பிடியைப் பற்றுகிறார். மறு பிடியை அவள் தூக்குகிறாள். ஏழு வருஷச் சாமான் நிறைந்த பெட்டி; அவளுக்குக் கனம் தெரியவில்லை.