பனிக்குப் பூக்கும் அவரை

சிவந்தியப்பன் சன்னலுக்கு வெளியே அவரைக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த அவர் மனைவி பிரமு, ஈரமண் வாசனையில் கண் அயர்வதும் விழிப்பதுமாக இருந்தாள். விழிக்கும்போதெல்லாம் சன்னலில் அவர் கொஞ்சம் தாழ்ந்திருந்தார். முதலில் மார்பு தெரிந்தது, பிறகு தோள், பிறகு நரைத்த தலை மட்டும்.

"அவரைக்கு ஒரு முழம் போதாதாங்க?"

தான் நிற்கும் ஆழத்தை அப்போதுதான் கண்டவர்போல அவர் மண்வெட்டியை வெளியே வைத்தார்.

"என்ன விதை வாங்கினீங்க?"

"செடி அவரை. ரெண்டு மாசத்துல காய்ச்சிரும்."

முப்பது வருடமாக அந்த வீட்டில் ஆடி மாதம் கொடி அவரைதான் ஊன்றுவார்கள். மார்கழிப் பனி இறங்கினால்தான் அது பூக்கும். நேற்று டாக்டர் சிவந்தியப்பனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசியிருந்தார். என்ன பேசினார் என்று பிரமு கேட்கவில்லை. இப்போது கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கொடியே போடுங்க. அடுக்களையில சாம்பல் டப்பாக்குள்ள விதை கெடக்கு."

"அது பூக்க மார்கழி ஆயிருமே, பிரமு."

"ஆகட்டும்."

அவர் குழிக்குள் நின்றபடியே சருகும் தொழுவுரமும் மண்ணுமாக இழுத்துப் போட்டு மிதித்து, ஒரு முழம் மிஞ்சும்வரை குழியைத் தூர்த்தார். சன்னலில் தோள் வந்தது, மார்பு வந்தது. பிறகு பக்கத்தில் ஒரு மூங்கிலை நட்டார்.

"பந்தல் எவ்வளவு உயரத்துக்குப் போட?"

"நான் நின்னு கையத் தூக்கினா எட்டணும்."

அவள் எழுந்து நின்று எட்டு மாதமாகியிருந்தது. அவர் மூங்கிலில் கையை வைத்து மெல்ல மேலே நகர்த்தினார்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் மேல" என்றாள் பிரமு.