எட்டு வருட நடை

"லைசென்ஸ் கைக்கு வந்து முழுசா ஒரு மணி நேரம் ஆகலை. அதுக்குள்ள அந்த மனுஷன் வீட்டு வாசல்லயா கொண்டுபோய் வண்டியை நிறுத்தப் போறே?"

அப்பா கார் சாவியைக் கொடுக்காமல் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவரைத்தான்பா முதல்ல ஏத்தணும்."

"இடிச்சதும் நீ, ஏத்துறதும் நீயா? தெரு என்ன சொல்லும்?"

"தெரு சொல்லாம விட்டது ஏதாவது பாக்கி இருக்கா?"

எட்டு வருடமாகத் தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தபால்பெட்டி' என்றால்தான் தெரியும்.

பதினேழு வயதில், தோழியின் பிறந்தநாள் மதிய விருந்தில் குடித்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துப்போன காரில் திரும்பி வந்தவள், தெருமுனைத் தபால்பெட்டியை வேரோடு சாய்த்தாள். பெட்டியைத் திறந்து கடிதங்களை அள்ளிக்கொண்டிருந்த தபால்காரரின் இடது காலும் கூடவே நொறுங்கியது.

இருபத்தைந்து வயதுவரை உரிமம் கிடையாது, காரின் பதிவு ஓராண்டுக்கு ரத்து என்றது நீதிமன்றம். சாவியைப் பத்திரமாக வைக்கத் தெரியாத குற்றத்துக்கு அப்பாவும் மகள் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். அவளுக்கு விபத்து வார்டில் இருநூறு மணி நேரச் சேவை.

தபால்காரரும் அதே வார்டில்தான் கிடந்தார். அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளியே அவளுக்குப் பிசியோதெரபி படிக்கும் எண்ணம் வந்தது. படித்தாள். இப்போது வேலையும் கிடைத்துவிட்டது. நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை சேர வேண்டும், தானே வண்டி ஓட்டி வர வேண்டும் என்பது நிபந்தனை.

ஆனால் ஒரு முள் உள்ளே இருந்தது. தபால்காரர் எந்தக் காரிலும் ஏறுவதில்லை. சனிக்கிழமைதோறும் கால் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு, மழையானாலும் குடையும் கைத்தடியுமாக நடந்தேதான் போவார். அவள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பாள்.

"பாவம், அன்னைக்கு அடிபட்டவர்தான். காரைக் கண்டாலே மனுஷனுக்கு நடுக்கம்" என்று அவள் காதில் விழும்படியே தெரு பேசிக்கொள்ளும்.

"அவர் ஏறலைன்னா என்ன பண்ணுவே?" என்றார் அப்பா.

"லைசென்ஸும் வேண்டாம், வேலையும் வேண்டாம். அவரை நடக்க விட்டுட்டு நான் எப்படிப்பா ஓட்டுறது?"

அப்பா சாவியைக் கொடுத்தார்.

சனிக்கிழமை நடைக்காகத் தபால்காரர் வாசல்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு, தபால்பெட்டியம்மாவா? என்ன, பவனியெல்லாம் பலமா இருக்கு?"

"லைசென்ஸ் வந்துடுச்சு மாமா."

அவர் அதை வாங்கி எட்டத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "போட்டோவுல கோழி திருடினவ மாதிரி முழிக்கிறே."

"மாமா, நீங்க ஏறினாத்தான் நான் ஓட்டுவேன். இல்லைன்னா இத்தோட விட்டுடுறேன்."

கதவருகே நின்ற அவர் மனைவி, "ஐயோ, இவரால கார்ல..." என்று ஆரம்பித்தார். தபால்காரர் கையைக் காட்டி அடக்கினார். காரை ஒரு நிமிடம் பார்த்தார். உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

"முன்னாடி உட்காரணுமா, பின்னாடியா?"

தெரு மொத்தமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் உதறிய துணியைக் கொடியில் போட மறந்து நின்றார். அப்பாவோ கப்பலை வழியனுப்புவதுபோல் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

கார் ஊர்ந்தது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே முந்திப் போனார்.

"நான் இறங்கி நடந்தா, நொண்டிக் காலோடயே உன்னை ஜெயிச்சுடுவேன்" என்றார் தபால்காரர். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்றாவது திருப்பத்தில் அவர் பேச்சு நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தாள். முகம் வெளிறி, வேர்த்து, கண்ணை இறுக மூடியிருந்தார்.

"பயமா இருக்கா மாமா? நிறுத்தட்டுமா?"

"நிறுத்து."

நிறுத்தியதும் கதவைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை உருவி அதற்குள் முகத்தைப் புதைத்தார்.

அவள் ஓடி வந்து முதுகைத் தடவினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எல்லாம் என்னாலதான் மாமா. எட்டு வருஷமா இந்தப் பயத்தை உங்களுக்கு..."

தபால்காரர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். பிடிபட்டவர்போல் அசடு வழியச் சிரித்தார்.

"காலை உடைச்சது நீதான், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா வாந்தி என்னோடது."

"என்ன மாமா சொல்றீங்க?"

"பயமும் இல்லை, ஒண்ணும் இல்லை. பொறந்ததிலிருந்தே எனக்குக் கார் ஒத்துக்காது. கல்யாணத்தன்னைக்கு உங்க அத்தை மடியிலேயே எடுத்தவன் நான். தபால் வேன்ல வேலை போட்டாங்க, வேண்டாம்னுட்டு முப்பது வருஷம் நடந்தே கடுதாசி கொடுத்தேன். போஸ்ட்மேன் நடக்கிறதை யார் கவனிச்சா? நீ இடிச்சதுக்கு அப்புறம்தான் தெருவுக்கே என் நடை கண்ணுல பட்டுது."

அவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு பீறிட்டு வந்தது.

"வண்டியை எடு. அத்தை இன்னும் நாலு கவர் கொடுத்திருக்கா. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும்."

ஏறி உட்கார்ந்தவள் சாவியைத் திருகாமல் அவரைப் பார்த்தாள். "எனக்கு ஒருத்திக்காவது சொல்லியிருக்கலாமே மாமா. எட்டு வருஷம்."

தபால்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, சனிக்கிழமை என்கூட யாரும்மா நடப்பா?"