மேல் வீட்டுக்குக் கேட்டது

"நான் தைரியமான பொண்ணு. என்னால முடியும்!"

தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து மகள் உரக்கச் சொல்வாள்.

"மெதுவாச் சொல்லுடி. ஜன்னல் வழியா மேல் வீடு வரைக்கும் கேக்குது, மானம் போகுது" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

போன வாரமும் ஓர் இன்டர்வியூவில் 'இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை.

"சும்மா கேலி பண்ணினேன். சொல்லேண்டி."

"சொல்லி என்னத்தைக் கிழிச்சேன்?"

அன்று மாலை அழைப்பு மணி அடித்தது. மேல் வீட்டு அம்மாள் மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"காலையில பாத்ரூம்ல பேசுறது உங்க பொண்ணுதானே?"

அம்மா முந்திக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க. அவ நிறுத்திட்டா, இனிமே சத்தம் வராது."

"ஐயையோ, ஏன் நிறுத்திட்டாள்னு கேக்கத்தான் ஓடி வந்தேன்! பக்கவாதத்துல என் வீட்டுக்காரருக்குப் பேச்சே போயிடுச்சு. உங்க பொண்ணு சொல்லச் சொல்ல, கூடவே சொல்லிப் பார்த்துத்தான் அவருக்கு வாய் வந்துச்சு. இப்போ காலையில ஜன்னலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

உள்ளேயிருந்து மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு நிச்சயம் சொல்றேன், ஆன்ட்டி."

படியேறப் போன அம்மாள் தயங்கித் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு. அந்தப் 'பொண்ணு'ங்கறதை மட்டும் விட்டுட்டுச் சொல்லும்மா. டாக்டர்கிட்டகூட அவர் அப்படியேதான் சொல்றார்!"