தொட்டியின் உயரம்

"பின்னாடி கேமரா இருக்கு சார். ஒரு டன்னை அசால்ட்டா இழுக்கும். ஏசி வேற," என்று விற்பனையாளர் மூச்சு விடாமல் அடுக்கினார்.

மாப்பிள்ளை காதிலேயே வாங்கவில்லை. ஷோரூம் தரையில் குந்தி, இன்ச் டேப்பை இழுத்து, சரக்கு வண்டியின் பின்தொட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்தான்.

"முப்பத்திரண்டு. இது வேணாம்."

"சார், எல்லாரும் மைலேஜ் கேப்பாங்க. நீங்க என்ன, பேன்ட் தைக்க அளவெடுக்கிற மாதிரி..."

மச்சானுக்கு மானம் போனது. தங்கை புருஷன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பழைய ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கி, பழுது பார்த்து விற்பது இருவரின் கூட்டுத் தொழில். ஒன்பது வருஷம் வாடகை வண்டியிலேயே ஓடியாயிற்று. முதல் சொந்த வண்டியை வாங்குகிற லட்சணம் இதுதானா?

"மாப்ள, கூறு கெட்டுப் போச்சா? இதையே எடுப்போம். உயரம் ஒரு விஷயமா?"

அது பச்சைப் பொய். ஆறு மாதமாக அவருடைய வலது தோள் செத்துக் கிடந்தது. ஒரு உயரத்துக்கு மேல் தூக்கினால் உயிர் போகும். வாயைத் திறக்கவில்லை. தொழில் ஆரம்பித்த அன்றைக்குப் பேசியது ஒன்றே ஒன்றுதான்: ரெண்டு பேரும் சமமாகத் தூக்க வேண்டும், அப்போதுதான் சமப் பங்காளி. தோள் போனது தெரிந்தால் பங்கும் போச்சு. அதனால்தான் உயரமான வண்டிக்கு அவ்வளவு சத்தமாகப் பரிந்து பேசினார்.

மாப்பிள்ளை அடுத்த வண்டியை அளந்தான். "முப்பது. ம்ஹூம்."

மூலையில் ஒன்று நின்றது. கேமரா இல்லை, ஏசி இல்லை, முகம் வேறு தவளை மாதிரி.

"இருபத்தாறு. இதை எடுத்துக்கறோம்."

"இது அவ்வளவா விக்காத மாடல் சார்," என்றார் விற்பனையாளர், உண்மை தவறி வாயில் வந்துவிட்டது.

"உன் இஷ்டம். அப்புறம் என்னைக் குறை சொல்லாதே," என்று மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டார். மடையன் தெரியாமலே காப்பாற்றிவிட்டான்.

"இதைப் பிடிங்க மச்சான்," என்று டேப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை ஃபாரத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தான்.

மச்சான் சும்மா இழுத்துப் பார்த்தார். இருபத்தேழு இன்ச்சில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு.

"இது என்ன கோடு?"

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. "போன மாசம் ஹாஸ்டல்ல மெஷினை மேடையில ஏத்தினோமே. அந்தக் கோட்டு உயரம் வரைக்கும்தான் நீங்க முகம் சுளிக்காம தூக்கினீங்க."

மச்சான் அவன் பக்கம் குனிந்தார். "தெரியுமா? அப்ப... வேற பங்காளி பாக்கலையா?"

"அதான் வேற வண்டி பாத்தாச்சே. அப்புறம் எதுக்கு வேற மச்சான்?"