பதினேழாவது டோக்கன்

“சார், கையும் களவுமா பிடிச்சிட்டேன்!” என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் வாசல் காவல்காரி. அவளுடைய ஒரு கையில் துப்புரவுப் பெண்ணின் மணிக்கட்டு, மறு கையில் கறுத்துப்போன ஒரு செப்பு டோக்கன்.

“புதுசா வச்ச மெஷின் கத்துச்சு சார். சோதனை போட்டா, இடுப்புப் பையில இது!”

அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் அரை மணியில் துறைச் செயலாளர் வந்து கண்காட்சியைத் திறக்கப்போகிறார், இந்த நேரத்திலா பெருக்குகிறவளோடு பஞ்சாயத்து? வேண்டாவெறுப்பாக டோக்கனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஓட்டை, அதற்கு மேலே 17.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மூடிப்போன ஒரு பஞ்சாலையின் டோக்கன்கள்தான் கண்காட்சியின் மையம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை வரிசையாக இருந்தன. பதினேழு மட்டும் இல்லை. விழுந்த பல்லைப் போல அந்த இடம் இருபது வருடமாக அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்தில் அவருக்கு ஓய்வு. வரிசை முழுமையானால் பணி நீட்டிப்பு நிச்சயம் என்று செயலாளரே வாய் தவறிச் சொல்லியிருந்தார். தேடிப் போன மருந்துக்கொடி காலில் சிக்கிய கதைதான்.

பூதக்கண்ணாடியை எடுத்தார். “ஆகா, இந்தக் களிம்பைப் பாரு! இந்தப் பச்சை ஏற நூறு வருஷமாவது ஆகணும். என் கண்ணை யாரும் ஏமாத்த முடியாது.”

“சார், அது பாத்ரூம் ஆசிட் பட்டு…” என்று துப்புரவுப் பெண் வாயைத் திறந்தாள்.

“அடிப்பாவி! ஆசிட்ல வேற போட்டியா?” அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “எங்கேருந்து எடுத்தே? கிடங்குப் பெட்டியிலயா?”

“நான் எடுக்கல சார். கொடுத்தாங்க.”

“யாரு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சொன்னா வேலை போயிடும் சார். வீட்ல ரெண்டு பிள்ளைங்க.”

“சொல்லாட்டி போலீஸ் வரும். இங்கயே நில்லு, விழா முடியட்டும்” என்றார். அதற்குள் அவர் கை பெட்டியைத் திறந்து பதினேழை அதன் இடத்தில் வைத்துவிட்டது. ‘கிடைக்கவில்லை’ என்ற சீட்டைக் கிழித்துப் போட்டபோது கண் கலங்கிவிட்டது அவருக்கு.

பெட்டியின் மேல் அவரே உருகி உருகி எழுதிய பலகை தொங்கியது. ‘காசுக்குப் பதிலாகத் தொழிலாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட கூலி. முதலாளியின் கடையில் மட்டுமே செல்லும்.’ அந்தப் பலகையின் அருமை அருங்காட்சியகத்தில் எவனுக்கும் தெரியவில்லை. அவருடைய மச்சான் ஒருவன்தான் விதிவிலக்கு.

மூன்று மாதத்துக்கு முன் துப்புரவு ஒப்பந்தமும் கேன்டீனும் ஒருசேர அந்த மச்சானுக்கே கிடைத்தன. எப்படி என்று யாரும் கேட்கவில்லை, கேட்காதவர்களுக்கு டீ இலவசம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வந்த அன்றே அவன் பெட்டியையும் பலகையையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். “பிரமாதம் அத்தான்! எப்பேர்ப்பட்ட மூளை!” என்று சிலாகித்தான். வீட்டில் தன் எழுத்தைப் படிக்க ஓர் ஆளாவது இருக்கிறானே என்று காப்பாட்சியர் நெகிழ்ந்துபோனார்.

செயலாளர் வந்தார். ரிப்பன் வெட்டினார். பலகையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“என்ன கொடுமைங்க இது! உழைச்சவங்களுக்கு ஓட்டைத் தகட்டைக் கொடுத்து ஏமாத்தியிருக்காங்களே!”

“ரத்தம் குடிக்கிற அட்டைங்க மேடம்” என்றார் காப்பாட்சியர் தழுதழுத்த குரலில். “அவனுங்களுக்கெல்லாம் நல்ல சாவு வந்திருக்காது. ஏதோ அந்தக் காலம் ஒழிஞ்சுதேன்னு இருக்கு.”

பிறகு குரலை ஒரு படி உயர்த்தினார். “மேடம், இன்னிக்கு இன்னொரு சந்தோஷச் செய்தி. பதினேழு கிடைச்சிடுச்சு!”

கைதட்டல் எழுந்தது. செயலாளர் குனிந்து பார்த்து, “உங்களை மாதிரி ஆளை எப்படிங்க வீட்டுக்கு அனுப்புறது?” என்றார். காப்பாட்சியருக்குக் கால் தரையில் பாவவில்லை.

நிமிர்ந்த செயலாளரின் பார்வை ஓரமாக நின்ற பெண்ணின் மேல் விழுந்தது. “இவங்க ஏன் அழுதுக்கிட்டு நிக்கிறாங்க?”

“திருடி மேடம். அந்தப் பதினேழை இவகிட்டேருந்துதான் பிடுங்கினோம். அதோட மதிப்பு என்னன்னுகூடத் தெரியாத ஜென்மம்!”

‘திருடி’ என்ற சொல் காதில் விழுந்ததும் துப்புரவுப் பெண்ணின் அழுகை நின்றது. போகிற வேலை போகட்டும் என்பது போல முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மேலே போட்டிருந்த நீலச் சட்டையின் முதுகைச் செயலாளர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதில் கொட்டை எழுத்தில் 17 என்று அச்சிட்டிருந்தது.

“மதிப்பு தெரியும் மேடம்” என்றாள். “ஞாயித்துக்கிழமை முழுக்கக் கக்கூஸ் கழுவினா இந்த மாதிரி ஒண்ணு தருவாங்க. ரெண்டு டீ, ஒரு பன்னு.”

அவள் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுக் காப்பாட்சியரிடம் திரும்பினாள்.

“உங்க மச்சான் கேன்டீன்ல மட்டும்தான் சார் செல்லும்.”