கூரை திறந்த காரும் சிவப்பு ஸ்கூட்டரும்

சிவப்பு ஸ்கூட்டர்க்காரி இன்றைக்கும் பின்னாலேயே வந்தாள். இத்தாலியில் பவுல்லோ ஊருக்குப் போகும் மலைப்பாதையில் ஏறும்போது கண்ணாடியில் அவள் முகம் தெரிந்ததும் நேவியோவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

காதல் கீதல் எல்லாம் இல்லை. அவள் கழுத்தில் தொங்கியது காமிரா. அவன் சோதனை ஓட்டம் விட்டுக்கொண்டிருந்ததோ, உலகம் இன்னும் பார்க்காத புது கார். ஒரு படம் வெளியே கசிந்தாலும் ஓட்டியவனைச் சரக்கு வண்டிக்கு மாற்றிவிடுவார்கள்.

அந்தக் காரின் தலைக்கு மேலேயே கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. "இந்தக் காலத்துல கூரை திறக்குற காரை எவன் கேட்டான்?" என்று முதலாளிமார் முனகிக்கொண்டே இருந்தார்கள். தயாரிப்பதா, மூட்டை கட்டுவதா என்று வெள்ளிக்கிழமை முடிவு. நேவியோவுக்கு அந்தக் கார் என்றால் உயிர்.

போதாக்குறைக்கு இன்று மாறுவேடமும் இல்லை. காரின் வடிவம் தெரியாமலிருக்க ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைத் தாளை இஞ்சினியர் கலவோத்தி காலையில்தான் உரிக்கச் சொன்னார். "காத்துல படபடன்னு அடிக்குதுப்பா, சத்தத்தை எப்படி அளக்குறது? கூரையைத் திறந்துட்டே போ."

எந்தப் பாதை என்பது அவருக்கும் நேவியோவுக்கும் மட்டும்தான் தெரியும். இந்தப் பிசாசு மட்டும் தினமும் எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறதோ!

வளைவு தாண்டியதும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் காமிரா சடசடத்தது. இனி ஓடி ஒளிய இடமில்லை. நேவியோ சிரித்த முகமாகத் திரும்பினான்.

"என்னம்மா, வெளியில நின்னு பார்த்தா போதுமா? ஏறு, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

"நிஜமாவா? அப்புறம் பேச்சு மாறக்கூடாது!"

அவள் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தாள். பேர் ஒர்னெல்லா என்றாள். டிராக்டர் விலகியதும் நேவியோ காரை விரட்டினான். மலைக்காற்று முகத்தில் அறைந்தது, சாலையோரச் செஸ்ட்நட் மரங்களின் பூவாசம் மடியில் வந்து விழுந்தது. ஒர்னெல்லா காமிராவை இருக்கைகளுக்கு நடுவே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் கூவினாள்.

"அடப்பாவிகளா! மூணு வருஷமா இதையா பூட்டி வெச்சிருந்தீங்க? ஊரே பைத்தியமாயிடுமே!"

நேவியோவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதலாளிமார் காதில் இது விழக்கூடாதா என்று ஏக்கமாகவும் இருந்தது. ஆனால் வேலை வேலைதான்.

அடுத்த திருப்பத்தில் ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. வேடிக்கை பார்க்க அவள் இருக்கையில் எழுந்து நின்றாள். அந்த நேரத்தில் நேவியோவின் விரல்கள் காமிராவைத் திறந்து, படம் பதிந்த மெமரி சில்லை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டன. அவளை ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டபோது, பாவம், கையைக் குலுக்கி நன்றி வேறு சொன்னாள்.

சாயங்காலம் கலவோத்தியின் மேஜைமேல் அந்தச் சில்லை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான் நேவியோ.

"ஸ்கூட்டர்க்காரியோட காமிராவுலேர்ந்து சுட்டது, இஞ்சினியர். இனி ஒரு படம்கூட வெளியே போகாது. எப்படின்னு மட்டும் கேக்காதீங்க!"

கலவோத்தி சில்லைப் பார்த்தார். நேவியோவைப் பார்த்தார். தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் தொலைபேசியை எடுத்தார்.

"மன்னிச்சுக்கம்மா ஒர்னெல்லா, வெள்ளிக்கிழமைக்குள்ள ஊரே அந்தப் படத்தைப் பார்த்தாகணும், நாளைக்கும் அதே இடத்துக்கு வந்துடு!"